லோடா, காலியா

இந்த மனிதர் வலது பக்கம் திரும்புவதற்கு எதற்கு முதலில் இடது பக்கம் போகிறார்? கேட்டுவிடலாமா? வேண்டாம். கேட்டால் சைக்கிளை நிறுத்திவிட்டு விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவார். இன்னொரு வளைவு வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த வளைவிலேயே அவள் கணவர் புதருக்குள் போய்விட்டார்.

காட்டுக்குள் ஏறும் ஒற்றையடிப் பாதை அது. எதிரே இன்னொரு சைக்கிள் வந்தால் ஒருவர் இறங்கி வழிவிட வேண்டும். அவர் வலது கையை நீட்டி, தான் திரும்பப் போவதை ஆளில்லாத காட்டுக்கு அறிவித்தார். பிறகு இடது ஓரமாக ஒதுங்கினார். இன்னும் ஒதுங்கினார். திரும்புவதற்குள் பாதை முடிந்துபோயிற்று. முன்சக்கரம் புதரில் செருகிக்கொண்டு நிற்க, அவர் மட்டும் கொஞ்ச தூரம் மேற்கொண்டு போய் இலைகளுக்கு நடுவே உட்கார்ந்தார்.

அவள் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஓடினாள். "அடிபட்டுச்சா?"

"வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?"

"வண்டி கெடக்கட்டும். உங்களுக்கு?"

"எனக்கென்ன. முள்ளில்லாத செடியாப் பாத்துத்தான் விழுந்திருக்கேன்." தலையிலிருந்து ஒரு குச்சியை எடுத்து, அதைப் போடுவதற்கு இடம் தேடுவதுபோல் சுற்றிலும் பார்த்தார்.

"ஏங்க, இத்தனை அகலமா எதுக்குத் திரும்புறீங்க?"

"பின்னாடி வர்றது மோதாம வரணும்ல?"

"பின்னாடி நான்தானே வர்றேன்."

"நீ இல்ல. டிரெய்லர்."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. திரும்பித் தன் சைக்கிளின் பின்சக்கரத்தைப் பார்த்தார். அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை. புல்தான் இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. புதருக்குள்ளேயே உட்கார்ந்தபடி அவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

அவர் இழுத்துப் போகும் டிரெய்லர் ஒரு வீட்டின் நீளம் இருக்கும். அதன் பின்சக்கரங்கள் வளைவில் உள்பக்கமாகவே வெட்டிக்கொண்டு வரும் என்றும், நேராகத் திருப்பினால் மூலையில் நிற்கும் கம்பத்தையோ ஆளையோ சேர்த்து இழுத்துவிடும் என்றும், அதனால் முதலில் எதிர்ப்பக்கம் விலகித்தான் திரும்ப வேண்டும் என்றும் கல்யாணமான புதிதில் தீப்பெட்டியை வைத்து அவளுக்கு விளக்கியிருக்கிறார். லாரி நிற்கும் யார்டில் அவருக்கு இண்டிகேட்டர் என்றுதான் பெயர். சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்திருக்கும்போதுகூடக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு எழுந்திருப்பார் என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி பேசுவார்கள். வீட்டில் அவருடைய நாற்காலிக்கு எதிரே உண்மையிலேயே ஒரு கண்ணாடி மாட்டியிருந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது.

ஆனால் அவள் வியந்தது அதை எண்ணி அல்ல. இவர் ஏன் இங்கே வந்தார்?

பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறாள். கோடை விடுமுறை தொடங்கும் நாளில் குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்து, அமிலப் புட்டிகளை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தாளானால் மறுநாளே சைக்கிளை எடுத்துவிடுவாள். கோடை முழுவதும் காலை வேளைகளில் இந்தப் பாதைதான். தடித்த டயர், அகலமான கைப்பிடி, கல்லில் இறங்கினால் உட்காராமல் நின்றே ஓட்ட வேண்டும். யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. விழுந்து விழுந்து தானாக வந்தது. அவர் இதுவரை ஒருமுறைகூடக் கூட வருகிறேன் என்று சொன்னதில்லை. "ரோடு இல்லாத எடத்துக்கு நான் வர்றதில்ல, டீச்சரம்மா" என்பார். நான் டீச்சர் இல்லை என்று அவளும் திருத்துவதை விட்டுவிட்டாள்.

இந்த முறை ஊர் திரும்பி, லாரியை யார்டில் விட்டு, ஒரு நாள் முழுக்கத் தூங்கி எழுந்து, பல்லைக்கூடத் துலக்காமல் "நானும் வரேன்" என்றார். தங்கையின் வீட்டுக்காரருடைய சைக்கிளைக் கடன் வாங்கி வந்துவிட்டார்.

அந்தத் தங்கையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கீழ்த்தளத்தில் குடியிருக்கும் நாத்தனார் கொஞ்ச நாளாக அடிக்கடி மேலே ஏறி வந்துகொண்டிருந்தாள். வந்தால் உட்கார மாட்டாள். நின்றபடியே கேள்வி கேட்பாள்.

"அண்ணி, சாப்டீங்களா?"

"சாப்டாச்சு."

"என்ன சாப்டீங்க?"

"ரெண்டு முட்டை."

"ரெண்டேதானா?" குளிர்பெட்டியைத் திறந்து பார்ப்பாள். முட்டைகள் அங்கே எத்தனை மிச்சம் என்பதைக் கண்ணாலேயே எண்ணுவது தெரியும். "தூக்கமெல்லாம் வருதா?"

"இப்பவா? காலைல பத்து மணி கூட ஆகல."

"இல்ல அண்ணி, பொதுவாச் சொன்னேன். இவ்ளோ பெரிய வீட்ல ஒத்தையா இருந்தா யாருக்குமே ஒரு மாதிரி இருக்கும்ல."

"ரெண்டு ரூம் வீடு. நீ கதவத் தொறந்தாலே பாதி வீடு முடிஞ்சுபோகுது."

நாத்தனார் சிரிக்கவில்லை. நாத்தனார் சிரிக்காதது அபூர்வம். அவள் போன பிறகு இவள் குளியலறைக் கண்ணாடியில் தன் முகத்தை உற்றுப் பார்த்தாள். இளைத்துவிட்டேனா? இல்லை. கறுத்திருக்கிறேன், அது வெயில். கண்ணுக்குக் கீழே ஏதாவது? ஒன்றுமில்லை. எனக்குத் தெரியாமல் எனக்கு என்ன வந்துவிட்டது? மருத்துவர் ஒருவரின் கடிதம் தனக்குப் பதிலாகக் கீழ்வீட்டுக்குப் போய்விட்டதுபோல இருந்தது. பயம் வரவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற குறுகுறுப்புதான் வந்தது.

மேட்டின் உச்சியில் தட்டையான பாறை ஒன்று உண்டு. வழக்கமாக அவள் உட்காரும் இடம். இருவரும் அங்கே சைக்கிள்களைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். கீழே மரங்களுக்கு அப்பால் பெரிய சாலை ஒரு கோடாகத் தெரிந்தது. அதில் லாரிகள் சத்தமில்லாமல் ஊர்ந்துகொண்டிருந்தன. அவர் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பாறையைத் தடவினார். கட்டில் வாங்கப் போனவர் பலகையைத் தட்டிப் பார்ப்பதுபோலத் தட்டிப் பார்த்தார்.

"அன்னிக்கு இங்கதான் உக்காந்திருந்தியா?"

"என்னிக்கு?"

"போன்ல சொன்னியே."

"என்ன சொன்னேன்?"

அவர் சாலையைப் பார்த்தபடி சொன்னார். "காலின்னு சொன்னே. சுத்தமா காலின்னு."

அவர் சாலையில் இருக்கும் நாட்களில் அவர்களுடைய பேச்சு எப்போதும் ஒரே கேள்வியில்தான் தொடங்கும். "லோடா, காலியா?" என்பாள் அவள். லோடு என்றால் பேச்சைச் சுருக்கிக்கொள்ள வேண்டும், சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். காலி என்றால் அவர் குரலில் ஒரு கடுகடுப்பு இருக்கும், நிறையப் பேசுவார். நலமா என்று அவர்கள் கேட்டுக்கொண்டதே கிடையாது. இந்த இரண்டு சொற்களில் எல்லாம் அடங்கிவிட்டது. அன்றைக்கு, கோடையின் தொடக்கத்தில், இந்தப் பாறையில் அவள் மல்லாந்து கிடந்தபோது போன் வந்தது. லோடு என்றவர் விளையாட்டாக, "நீ? லோடா, காலியா?" என்று திருப்பிக் கேட்டார். கால்கள் துவண்டு, வியர்வை காய்ந்து, தலைக்குள் ஒரு சொல்கூட இல்லாமல் கிடந்தவள், இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது என்ற சந்தோஷத்தில் சொன்னாள். காலி. சுத்தமா காலி.

"சரி, வெக்கிறேன்" என்று வைத்துவிட்டார். லோடுதானே, அவசரம் என்று நினைத்துக்கொண்டாள்.

"அதுக்கா?" என்றாள் இப்போது. "அதுக்குத்தான் உங்க தங்கச்சிய விட்டு முட்டைய எண்ணச் சொன்னீங்களா?"

"முட்டையெல்லாம் நான் சொல்லல. பாத்துக்கன்னு மட்டும்தான் சொன்னேன்."

"அவ என்னப் பாக்கல, ஃப்ரிட்ஜத்தான் பாத்தா."

"சிரிக்காத. காலின்னா உனக்குத் தெரியாது. லோடு இருந்தா வண்டி ரோட்டோட ஒட்டிக்கிட்டுப் போகும். அது பாட்டுக்குப் போகும். காலி வண்டி இருக்கே, சின்னப் பள்ளம் வந்தாலும் குதிக்கும். பிரேக் போட்டா நிக்காம வழுக்கும். பாலத்து மேல பக்கவாட்டுல காத்தடிச்சா டிரெய்லர அப்படியே தூக்கிச் சாச்சிரும். காத்துல கவுந்து கெடக்குறதுல பாதி காலி வண்டிதான். நான் பாத்திருக்கேன்." அவர் நிறுத்திவிட்டுப் புட்டியின் மூடியைத் திருகினார். "நீ சொன்னதும் எனக்கு அந்தப் பாலம்தான் ஞாபகம் வந்துச்சு."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரே சொல்லை இத்தனை காலம் இருவரும் மாறி மாறிக் கையில் வைத்திருந்தார்கள். அவருக்கு அது சாய்ந்து கிடக்கும் வண்டி. அவளுக்கு அது கழுவிக் கவிழ்த்த குடுவை. இரண்டிலும் உள்ளே ஒன்றுமில்லை.

"நான் நல்லா இருக்கேன்னு சொன்னேங்க," என்றாள். "அன்னிக்கு ரொம்ப நல்லா இருந்தேன். அதத்தான் அப்படிச் சொன்னேன்."

"காலின்னா நல்லா இருக்கேன்னு அர்த்தமா?"

"எனக்கு."

"அப்ப, ஆள் காலின்னு சொல்றாங்களே, அது?"

"அது செத்தவங்களுக்கு. நான் உக்காந்து பேசிட்டு இருக்கேன்ல."

அவர் யோசித்தார். புரியாத ஒன்றைப் புரிந்ததாகக் காட்டிக்கொள்கிற ஆள் இல்லை. அது அவரிடம் அவளுக்குப் பிடித்த விஷயம். "சரி," என்றார் கடைசியாக. "அப்ப நல்லா இருக்கே. நல்லா இருக்கிறவளாவே வா."

"எங்க?"

"வண்டிக்கு. கம்பெனில இப்ப வீட்டுக்காரங்களக் கூட்டிட்டுப் போக விடுறாங்க. இந்த லோடு ரொம்ப தூரம். போயி, அங்கிருந்து வேற எடம், அப்படியே சுத்தி வந்தா உன் ஸ்கூல் தொறக்கறப்ப திரும்பிரலாம். கோடை பூரா." அவர் அவளைப் பார்க்காமல், சாலையில் ஊரும் லாரிகளிடம் கேட்பதுபோலக் கேட்டார். "நாளைக்குக் காலைல கெளம்பணும். வரியா?"

"யோசிச்சுச் சொல்றேன்."

"யோசி. வண்டி நாளைக்குத்தான்."

இறக்கத்தில் அவள் முன்னால் போனாள். அவர் பின்னால் இரண்டு பிரேக்குகளையும் பிடித்தபடி, அவ்வப்போது "போ, போ, நான் வரேன்" என்று கத்திக்கொண்டே வந்தார்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன காரணம் இருக்கிறது? அவள் தேடிப் பார்த்தாள். போகப் பிடிக்காமல் இல்லை. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் சாலை எப்படித் தெரியும் என்று அவளுக்கு எப்போதும் ஆசை உண்டு. விடியும்போது எங்கோ ஒரு சமவெளியில், பெயர் தெரியாத ஊரின் விளக்குகள் அணைவதை அவர் போனில் சொல்லும்போதெல்லாம் பொறாமையாகக்கூட இருக்கும். அவரைப் பிடிக்காமலும் இல்லை. சில நாட்களில் அவருடைய சட்டை கொடியில் ஆடுவதைப் பார்த்தாலே போதும், அன்றைய வேலை ஓடாது. அப்புறம் என்ன?

ஒரு வேர் குறுக்கே வந்தது. எழுந்து நின்று தாண்டினாள்.

அவர் வீட்டில் இல்லாத நாட்களில் அவள் பார்ப்பதையெல்லாம் பாதி அவருக்காகவே பார்க்கிறாள். மாணவன் ஒருவன் கரைசலைச் சிந்திவிட்டு அதன் நிறம் அழகாக இருக்கிறது என்று சொன்னால், அந்தக் கணமே இதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு கை அதை எடுத்து ஓரமாக வைத்துவிடும். பேருந்தில் நடந்த சண்டை, எதிர்வீட்டுப் பூனை, எல்லாவற்றையும் அந்தக் கை எடுத்து வைக்கும். மாலையில் போனில் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுப்பாள். அதில் அவளுக்குக் குறையேதும் இல்லை. ஆனால் இந்தப் பாதையில் அந்தக் கை இயங்குவதில்லை. ஒரு பறவை எழும்பிப் போகும், போய்விடும். யாருக்கும் எடுத்து வைக்கப்படாத பறவை. திரும்பி வந்து இன்று என்ன பார்த்தாய் என்று யாராவது கேட்டால் அவளுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. அந்த ஒன்றுமில்லாததற்காகத்தான் அவள் வருடம் பூராவும் காத்திருக்கிறாள் போலிருக்கிறது. இது ஒரு காரணமா? வாயைத் திறந்து ஒருவரிடம் சொல்லக்கூடிய காரணமா? நாத்தனாரிடம் சொன்னால் மறுபடியும் குளிர்பெட்டியைத் திறந்து பார்ப்பாள்.

பின்னால் பிரேக் கிரீச்சிட்டது. "போ, போ, நான் வரேன்!"

மறுநாள் காலையில் தான் அடுக்கிய துணிப்பையைத் தூக்கிக்கொண்டு அவளும் யார்டுக்குப் போனாள். "பாத்துட்டுச் சொல்லு" என்று அவர் சொல்லியிருந்தார். நாத்தனார் மாடிப்படி அடியில் நின்று, "அண்ணி, ரெண்டு ஸ்வெட்டரா எடுத்துக்கங்க, அண்ணன் ஏசிய நிறுத்தவே மாட்டாரு" என்றாள். அண்ணி போவதாகவே நாத்தனார் முடிவு கட்டிவிட்டாள்.

யார்டில் டீசல் வாடை. டயர்களைச் சுத்தியால் தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே நடந்தார் ஒரு டிரைவர். "என்ன இண்டிகேட்டர், முழங்கையில என்ன காயம்? யாரு ராங் சைடு?" என்றார். "செடி" என்றார் இவர்.

"ஏறு. மூணு பிடி இருக்கணும். ரெண்டு கை ஒரு கால், இல்லன்னா ரெண்டு கால் ஒரு கை. எப்பவும் மூணு ஒட்டிட்டு இருக்கணும்," என்று சொல்லிக்கொடுத்தார். அவள் ஏறினாள்.

கல்யாணமான புதிதில் இந்தக் கேபினுக்குள் அவள் எட்டிப் பார்த்திருக்கிறாளே தவிர உட்கார்ந்ததில்லை. பக்கத்து இருக்கையில் அப்போதெல்லாம் தண்ணீர்க் கேன்களும் கயிறும் பழைய போர்வையும் கிடக்கும். இன்றைக்கு அது துடைத்துச் சுத்தமாக இருந்தது. இருக்கைகளுக்குப் பின்னால் கட்டில், அதன் மேல் இரண்டு தலையணைகள். கப் உருண்டு விழாமல் இருக்க விளிம்பு வைத்த சின்ன அலமாரி. அதில் இரண்டு கப்கள். ஜன்னல் ஓரம் நீலத்தில் ஒரு திரை. "பின்னாடி பாரு," என்றார். கேபினின் முதுகுப்பக்கம், டிரெய்லருக்கும் இதற்கும் இடையில், இரும்பில் இரண்டு கொக்கிகள். "உன் சைக்கிளுக்கு. வண்டிய நிறுத்துற எடத்துல எறக்கி ஓட்டிக்கோ. நான் அளந்துதான் வெல்டு வெச்சேன்."

சைக்கிளையுமா?

"எப்ப செஞ்சீங்க இதெல்லாம்?"

"இப்பத்தான். நீ போன்ல சொன்னப்புறம். ரெண்டு வாரம் இருக்கும்."

அவள் திரையை விரலால் தொட்டாள். ஆய்வகத்தில் ஜன்னலோரம் நிற்கும் புட்டிகளின் பெயர்ச்சீட்டுகள் வெளுப்பதை வருடக்கணக்காகப் பார்த்துவருகிறவள். நீலம் எவ்வளவு வெயிலில் எவ்வளவு போகும் என்பது அவளுக்குத் தெரியும். திரையின் மடிப்பைப் பிரித்தாள். மடிப்புக்குள் அடர்ந்த நீலம். வெளியே சாம்பல் கலந்த, களைத்த நீலம். இது இரண்டு வாரத்து வெயில் இல்லை. போன கோடையும் இந்தத் திரையில் இருக்கிறது, அதற்கு முந்தியதும் இருக்கலாம். கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தாள். கொக்கிகளின் வெல்டு ஓரங்களில் துரு ஏறி, மழையில் வழிந்து, காய்ந்திருந்தது.

இரண்டு கப்பில் ஒன்றில் மட்டும் காபிக்கறை படிந்திருந்தது.

அப்படியென்றால் இவர் எவ்வளவு காலமாக இந்தக் கேள்வியை ஏற்றிக்கொண்டு ஓடுகிறார்? எத்தனை முறை போனில் லோடு, காலி என்று பதில் சொல்லிவிட்டு இந்தத் தலையணையைப் பார்த்திருப்பார்? கேட்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அவள் தெரியாமல் கொடுத்தாள். பாலத்தில் சாயும் வண்டியை அவர் உண்மையாகவே பார்த்திருக்கிறார். அது யாருடைய வண்டி என்றுதான் மாற்றிச் சொல்லிவிட்டார்.

மடிப்பை இருந்தபடியே மடித்து விட்டாள். முன்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். நினைத்ததைவிட உயரம். யார்டின் மதிலுக்கு மேலே, மரங்களுக்கு மேலே, தூரத்தில் அந்த மேடுகூடத் தெரிந்தது. அவர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் அதிர்வு இருக்கை வழியாக ஏறி முதுகுக்கு வந்தது. நன்றாக இருந்தது. இங்கே உட்கார்ந்தால் அவர் தன்னை எப்படிக் கொண்டு போவார் என்று அவளுக்குத் தெரியும். பள்ளம் பார்த்து, வேகம் குறைத்து, எல்லாப் பக்கமும் இறுக்கிக் கட்டி, வளைவுகளில் அகலமாக விலகி. ஒரு கீறல் விழாது. அவர் ஏற்றிய லோடு எதிலும் கீறல் விழுந்ததில்லை.

பார்க்கும் ஒவ்வொன்றையும் அப்போதே, பக்கத்திலேயே சொல்லிவிடலாம். அந்தக் கை நாள் முழுக்க ஓயாது.

அவள் கதவைத் திறந்தாள். அவர் சொன்னபடி முதுகு காட்டி, மூன்று பிடியும் விடாமல் இறங்கினாள். தரையில் கால் பட்ட பிறகு நிமிர்ந்து பார்த்தாள். துணிப்பையில் அவருடைய துணிகள் மட்டுமே இருந்தன, அவர் அதை இன்னும் திறந்து பார்க்கவில்லை. ஜன்னலில் முழங்கையை வைத்துக் குனிந்தார். காயத்தில் அவள் ஒட்டிய பிளாஸ்திரி ஓரம் பிரிந்திருந்தது.

"டீச்சரம்மா," என்றார். எஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமே என்று குரலை உயர்த்தத் தொடங்கி, பாதியிலேயே தணித்துவிட்டார். "போயிட்டு வருவோமா?"

அவள் எக்கிக் கையை உயர்த்தி, பிளாஸ்திரியின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள்.

"போயிட்டு வாங்க," என்றாள்.